பெரிய கப்பலா, சின்ன கப்பலா: எங்க லட்சத்தீவு டைரி

ஜனவரி 21, கோயம்புத்தூர்

லட்சத்தீவு போறதுன்னு முடிவானதுக்கப்புறம் எங்க வீட்ல நடந்த பெரிய பஞ்சாயத்தே எந்தக் கப்பல்ங்கறது தான். ஃப்ளைட்ல போனா கொச்சில இருந்து அகத்தித் தீவுக்கு ஒன்றரை மணி நேரத்துல போயிடலாம், ஆனா பையனுக்கு கப்பல்ல தான் போகணும், எனக்கும் அதே ஆசை தான். ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு நீச்சல் குளம், தியேட்டர், கேசினோ, எந்நேரமும் பஃபேன்னு இருக்கற சொகுசுக் கப்பல், ஆயிரம் பேருக்கு மேல ஏறுவாங்க, தீவுன்னு பாத்தா ஒரே ஒரு இடத்துல நிக்கும். இன்னொண்ணு எம்.வி. கவரத்தி. அது தீவுக்காரங்க கொச்சிக்கு வந்து போற பயணிகள் கப்பல், விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் ஷிப்யார்ட்ல கட்டினது, 2008ல வந்தது, 700 பேர் வரைக்கும் ஏறலாம். அதுலயே டூரிஸ்டுகளுக்குன்னு 'சமுத்ரம்'னு ஒரு பேக்கேஜ் இருக்கு. ராத்திரி பூரா கப்பல் ஓடும், காலைல ஒரு தீவுல எறக்கி விடுவாங்க, சாயங்காலம் திரும்ப ஏறிக்கணும். கல்பேனி, மினிக்காய், கவரத்தின்னு மூணு தீவு.

என் நாத்தனார் குடும்பம் போன சீசன்ல ஒரு சொகுசுக் கப்பல்ல தான் போயிட்டு வந்தாங்க. சாப்பாடு, டான்ஸ், மேஜிக் ஷோ, ரூம் எல்லாத்தையும் மணிக்கணக்கா சொன்னாங்க, தீவைப் பத்தி கேட்டா மட்டும் பேச்சு கொறஞ்சிடுச்சு. என்னன்னு பாத்தா அன்னிக்கு அலை அதிகமா இருந்ததால சின்ன படகுல ஆளுங்களை எறக்க முடியல, டெக்ல நின்னே பச்சைக் கோடு மாதிரி தெரிஞ்ச தென்னைமரத்தைப் பாத்துட்டு வந்துட்டாங்க. அலை அடிக்கும்போது எறக்காம விட்டது சரியான முடிவு தான், அதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா என் மனசுல கணக்கு மாறிப் போச்சு. ஒரு தீவை நம்பிப் போனா அந்த ஒரு நாள் கடல் கெட்டா போச்சு, மூணு தீவுன்னா ஒண்ணு போனாலும் ரெண்டு மிஞ்சும். அப்புறம் இன்னொண்ணும் பாத்தேன், கரைல எவ்ளோ நேரம் நிப்போம்னு. சின்ன கப்பல்ல ஒவ்வொரு தீவுலயும் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கால் மண்ல இருக்கும்.

அவரு பெரிய கப்பல் பக்கம். காரணம் அத்தை. அறுபத்தேழு வயசு, முழங்கால் வலி, நடுக்கடல்ல படகுக்கு எறங்கறது எப்படின்னு பயம். கடைசில அத்தையே முடிவு பண்ணிட்டாங்க. "எனக்கு எதுக்குங்கண்ணு கேசினோவும் டான்ஸும், நாலு சனத்தோட பேசிட்டே போற கப்பல்ல போலாம், எறங்க முடிஞ்சா எறங்கறேன் இல்லீன்னா கப்பல்லயே உக்காந்துக்கறேன்"னு. அதோட பேச்சு முடிஞ்சுது.

பிப்ரவரி 8, எர்ணாகுளம்

லட்சத்தீவுக்கு சும்மா டிக்கெட் எடுத்துட்டு போயிட முடியாது, என்ட்ரி பெர்மிட் வேணும், அதுக்கு போலீஸ் கிளியரன்ஸ் வேணும். எங்களுக்கு இதை எல்லாம் பாத்துக் கொடுத்த ஏஜென்ட் பையன் பேர்ல ஒரு எழுத்தை மாத்தி அடிச்சுட்டாரு, ஆதார்ல ஒண்ணு பெர்மிட்ல ஒண்ணு. அதை சரி பண்ணி வாங்க இன்னிக்கு சாயங்காலம் ஆயிடுச்சு, கிளம்பறதுக்கு முந்தின நாள்! அவரு காலைல இருந்து ஃபோனும் கையுமா நடந்துட்டே இருந்தாரு, நானும் அத்தையும் ஹோட்டல் ரூம்ல சாமி கும்புட்டுட்டு உக்காந்திருந்தோம். போறவங்க எல்லாரும் பெர்மிட் கைக்கு வந்த உடனே பேரை ஆதாரோட வச்சு எழுத்து எழுத்தா பாத்துக்கங்க.

பெர்மிட் வந்த சந்தோஷத்துல மெரைன் டிரைவ் பக்கம் நடந்துட்டு ஒரு தட்டுக்கடைல பழம்பொரி, சாயா. பழம்பொரி பன்னெண்டு ரூபா, அவ்ளோ பெருசு, ஆளுக்கு ஒண்ணுல வயிறு ரொம்பிடுச்சு.

பிப்ரவரி 9, வெல்லிங்டன் தீவு, அப்புறம் கடல்

கப்பல் ஏறற இடம் வெல்லிங்டன் தீவு. துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டின மண்ணைக் கொட்டி உண்டாக்கின தீவு அது, நம்ம கால் வைக்கற மொத தீவே மனுசன் போட்டது. லக்கேஜ் ஸ்கேனிங் வரிசைல நிக்கறப்பவே தெரிஞ்சுடுச்சு இது டூரிஸ்ட் கப்பல் மட்டும் இல்லைன்னு. எங்களுக்கு முன்னாடி ஒரு குடும்பம் ரெண்டு ஃபேன், ஒரு மெத்தை, தக்காளிக் கூடை, சின்ன வெங்காய மூட்டையோட நிக்கறாங்க. இந்தப் பக்கம் கையில கட்டு போட்ட ஒரு பெரியவர், கூட அவர் பேத்தி, கையில எக்ஸ்ரே கவர். காலேஜ் பசங்க ஒரு கூட்டம், லீவுக்கு ஊருக்குப் போறாங்க. தீவுல விளையறது தென்னை தான், அரிசில இருந்து ஆஸ்பத்திரி ஸ்கேன் வரைக்கும் பாதிக்கு மேல கொச்சில இருந்து தான் போகணும், இந்த மாதிரி கப்பல் வழியா.

எங்களுக்கு கோல்ட் கிளாஸ், நாலு பேர் கேபின், கீழ ரெண்டு மேல ரெண்டுன்னு பெர்த், ஏசி. ஏஜென்டுக்குக் கொடுத்தது எல்லாம் சேத்து ஆளுக்கு முப்பதாயிரம் பக்கம் வந்துச்சு. டைமண்ட் கிளாஸ்னா ரெண்டு பேர் ரூம், இன்னும் கூட. ரூம் சின்னது, சுத்தமா இருந்துச்சு, வெள்ளை விரிப்பு. பையன் ஓடிப்போய் மேல் பெர்த்தைப் புடிச்சுக்கிட்டான்.

மத்தியானத்துக்கு மேல கப்பல் நகர ஆரம்பிச்சுது. எல்லாரும் டெக்கு மேல. ஃபோர்ட் கொச்சி சீனவலைங்க ஒரு பக்கம், வைப்பின் கரை ஒரு பக்கம், நடுவுல முகத்துவாரம். அங்க டால்ஃபின் வந்துச்சு, முதுகு மட்டும் சாம்பக் கலர்ல ஏறி ஏறி எறங்குச்சு, யாரோ ஒருத்தர் சத்தம் போட்டதும் மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் போயிடுச்சு. அந்த சேறு கலந்த பச்சைத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா நீலமாகி, கரையும் மறைஞ்சு, ஃபோன்ல சிக்னல் போனப்போ மணி அஞ்சரை இருக்கும்.

ராத்திரி சாப்பாடு சப்பாத்தி, சோறு, பருப்பு, மீன் வறுவல், முட்டைக்கோஸ் பொரியல். மைக்ல கூப்பிடுவாங்க, போய் வரிசைல வாங்கிக்கணும். ருசி வீட்டுச் சாப்பாடு மாதிரி, எண்ணெய் கம்மி, எங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது. ஆனா எனக்கு அதை முழுசா சாப்பிட முடியல, எட்டு மணிக்கு மேல கப்பல் ஆட ஆரம்பிச்சுது, பெருசா ஒண்ணும் இல்ல, இந்தப் பக்கம் சாஞ்சு கொஞ்சம் நின்னு அந்தப் பக்கம் சாயும், அந்த நிக்கற நேரத்துல தான் வயித்துல பொரட்டும். ரூமுக்குள்ள படுத்தா இன்னும் மோசம். டெக்ல ஒரு பெஞ்ச்ல போய் சுருண்டு உக்காந்திருந்தேன். பக்கத்துல ஒரு அம்மா, கல்பேனிக்காரங்க, எர்ணாகுளத்துல அவங்க அம்மாவுக்கு கண் ஆபரேஷன் பண்ணிக் கூட்டிட்டுப் போறாங்க. என்னைப் பாத்த உடனே பையில இருந்து எலுமிச்சம்பழம் ஒண்ணை எடுத்து நகத்தால கீறி மூக்குகிட்ட வச்சாங்க. "தூரத்துல நோக்கு, கீழ நோக்கண்டா"ன்னாங்க, அதாவது தொடுவானத்தைப் பாரு, கீழ பாக்காதன்னு. இருட்டுல தொடுவானம் எங்க தெரியுது, ஆனா நட்சத்திரம் தெரிஞ்சுது, கோயம்புத்தூர்ல நான் பாக்காத அளவுக்கு. அவங்க சொன்னபடி தூரத்துலயே கண்ணை வச்சு, எலுமிச்சையை மோந்துக்கிட்டே ஒரு மணி நேரம் உக்காந்ததுல சரியாயிடுச்சு. அந்த ஒரு மணி நேரத்துல அவங்க மக கோழிக்கோட்ல நர்சிங் படிக்கறது, மழைக்காலத்துல கப்பல் வராத நாள்ல தக்காளி விலை எவ்ளோ ஏறும்ங்கறது எல்லாம் பேசியாச்சு, அவங்க மலையாளம் எனக்குப் பாதிக்கு மேல புரிஞ்சுது, என் தமிழ் அவங்களுக்கு முழுசாவே புரிஞ்சுது.

பிப்ரவரி 10, கல்பேனி

காலைல ஆறரைக்கு எந்திரிச்சு ஜன்னல் வழியா பாத்தா கப்பல் நின்னுட்டு இருக்கு, எதிர்ல தென்னந்தோப்பு, அதுக்கு முன்னாடி நான் இதுவரைக்கும் பாக்காத ஒரு கலர்ல தண்ணி. இந்தத் தீவுங்க எல்லாமே பவளப்பாறை வளையம், வளையத்துக்குள்ள இருக்கற தண்ணிக்கு லகூன்னு சொல்றாங்க, அது நெறைய எடத்துல இடுப்பளவு, கழுத்தளவு தான் இருக்கும், பெரிய கப்பல் உள்ள வர முடியாது. அதனால வெளியவே நிக்கும், தீவுல இருந்து படகு வரும், கப்பல் பக்கவாட்டுல தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல ஒரு கதவைத் திறப்பாங்க, அதுல இருந்து படகுக்கு மாறணும்.

இதைப் பத்தி தான் நான் நல்லா எழுதணும், ஏன்னா எந்தக் கப்பல்னு யோசிக்கறவங்களுக்கு முக்கியமான விஷயம் இது தான். படகு அலையில ஏறும், எறங்கும், ஒரு நிமிசம் கதவு மட்டத்துக்கு இருக்கும், அடுத்த நிமிசம் மூணடி கீழ போயிடும். கதவுல ரெண்டு பேரு, படகுல ரெண்டு பேரு. நம்ம முழங்கைக்கு மேல ரெண்டு பக்கமும் இறுக்கிப் புடிச்சுக்குவாங்க, படகு மேல வர்ற நேரம் பாத்து "இப்போ"ன்னு ஒரு சத்தம், அந்த நொடி ஒரு எட்டு எடுத்து வச்சுடணும், யோசிச்சு நின்னா படகு கீழ போயிடும். நம்ம பண்ண வேண்டியது அவங்க சொல்றதைக் கேக்கறது மட்டும் தான். லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

அத்தை முறை வந்தப்போ எனக்குக் கை நடுங்குச்சு. படகுல இருந்த பெரியவர், வெள்ளைத் தாடி, அவங்களைப் பாத்து "பேடிக்கண்டா உம்மா, ஞான் உண்டு"ன்னாரு, அதாவது பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்னு. ரெண்டு அலையை வேணும்னே விட்டுட்டாரு, மூணாவது அலை மெதுவா வந்துச்சு, அத்தையைத் தூக்கி வச்ச மாதிரி படகுல உக்கார வச்சுட்டாங்க. ஒரு தடவை கூட அவசரப்படுத்தல, பின்னாடி அவ்ளோ கூட்டம் நின்னாங்க, யாரும் முணுமுணுக்கல. பையனோட ஒரு செருப்பு தான் கடலுக்குப் போச்சு, வழுக்கிட்டு விழுந்தது அப்படியே மிதந்து போயிடுச்சு. அன்னிக்குப் பூரா வெறுங்கால், பவளத்துண்டு மண்ல குத்திக் குத்தி, கடைசில கரைல ஒரு கடைல நூத்தி எண்பதுக்கு ரப்பர் செருப்பு வாங்கினோம்.

கரைல எறங்கினதும் இளநீர். அப்புறம் கூமேல்ங்கற இடத்துல லகூன்ல எறக்கி விட்டாங்க. எதிர்ல திலாக்கம், பிட்டின்னு குட்டித் தீவுங்க, கயாக் ஓட்டிட்டே அந்தப் பக்கம் போகலாம். கண்ணாடி மாட்டி மூஞ்சியைத் தண்ணில வச்சா கீழ மஞ்சள்ல நீலக்கோடு போட்ட மீன், கிளி மீன் பவளத்தைக் கொறிக்கற சத்தம் கூட கேட்டுச்சு, நெஜமா கேட்டுச்சு. ஆனா நெறைய எடத்துல பவளம் சாம்பலா செத்துப் போயிருந்துச்சு. கூட வந்த வழிகாட்டி தம்பி சொன்னாரு, 1998, 2010, 2016 இந்த வருஷங்கள்ல கடல் சூடாகி பவளம் வெளுத்துப் போச்சாம், சில எடம் மீண்டு வந்துச்சு, சில எடம் வரல. சூடு தாங்காம பவளம் தனக்குள்ள வாழற பாசியை வெளிய தள்ளிடும், அது தான் அதுக்கு நிறமும் சோறும், அது போனா வெளுத்து பட்டினில சாகும். தீவே பவளத்து மேல தான் நிக்குது, அதை அந்தத் தம்பி சொன்னப்போ எங்களுக்குள்ள பேச்சே இல்ல. தண்ணில நிக்கறப்போ பவளத்து மேல ஏறி நின்னு ஃபோட்டோ எடுக்காதீங்க ப்ளீஸ், நாங்க பாக்கவே ஒருத்தர் ஏறினாரு, அந்தத் தம்பி நீந்திப் போய் கையைப் புடிச்சு எறக்கினாரு.

மத்தியானம் பந்தல்ல சாப்பாடு. சூரைமீன் குழம்பு, தேங்காய் அரைச்சு விட்டது, புளிப்பும் காரமுமா. சீமப்பலா வறுவல், அது கிழங்கு மாதிரி மொறுமொறுன்னு, அத்தை மூணு தடவை வாங்கினாங்க. காய்கறி சாப்பிடறவங்களுக்கு சாம்பார், கோஸ். சாயங்காலம் கிழக்குக் கரைக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அங்க பவளக்கல்லு மலையா குவிஞ்சு கிடக்கு. 1847ல வந்த புயல்ல கடல் ஏறி வந்து வாரிக் கொட்டினது. ரெண்டரை சதுர கிலோமீட்டர் சொச்சம் தான் ஊரே, இந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்டா அந்தப் பக்க அலையும் கேக்குது, அதுல ஒரு புயல் வந்தா ஜனம் எங்க ஓடியிருக்கும்னு அத்தை கேட்டுட்டே இருந்தாங்க.

ராத்திரி டெக்ல பாத்த எலுமிச்சம்பழ அம்மாவை அன்னிக்குக் காலைல படகுலயே பாத்தேன், அவங்க அம்மா கண்ணுல கறுப்புக் கண்ணாடி, கரைல பேரப்பசங்க நாலு பேரு நின்னு கை ஆட்டினாங்க. வீட்டுக்கு வாங்கன்னு எத்தனையோ தடவை கூப்பிட்டாங்க, குரூப்பை விட்டுப் போக முடியல, அது எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு.

பிப்ரவரி 11, மினிக்காய்

கல்பேனிக்கும் மினிக்காய்க்கும் நடுவுல 'ஒன்பது டிகிரி கால்வாய்'னு சொல்ற கடல் பாதை, சுமார் 200 கிலோமீட்டர் அகலம், பெரிய சரக்குக் கப்பல் எல்லாம் அதுல தான் போகும். ராத்திரி ஆட்டம் இன்னும் ஜாஸ்தி. இந்தத் தடவை எட்டு மணி சாப்பாட்டுக்கு முன்னாடியே மாத்திரை போட்டுட்டேன், தூங்கிட்டேன். அவருக்குத் தான் ராத்திரி பூரா வாந்தி, கப்பல் டாக்டர் வந்து பாத்து மாத்திரை கொடுத்துட்டுப் போனாரு. ஒரு விஷயம் நியாயமா சொல்லிடணும், பெரிய கப்பல்ல இந்த ஆட்டம் இவ்ளோ தெரியாது. கப்பல் பெருசு, கனம் ஜாஸ்தி, நாத்தனார் ஒரு தடவை கூட வாந்தி எடுக்கலன்னாங்க. வயிறு ரொம்ப பலவீனமானவங்க, கர்ப்பிணிங்க இதை யோசிச்சுக்கணும்.

மினிக்காய் வேற உலகம். பேச்சு வேற, மாலத்தீவுல பேசற பேச்சோட சொந்தம், அவங்க மஹல்னு சொல்றாங்க. மலையாளம் வச்சு ஒப்பேத்தலாம்னு நெனச்ச நாங்க மொத அஞ்சு நிமிசம் முழிச்சோம். ஊர் ஊரா பிரிஞ்சு இருக்கு, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பொது வீடு, ஒரு தலைவர், பெண்களுக்கு தனியா ஒரு தலைவி. ஒரு ஊர் வீட்டுக்குள்ள எங்களை உக்கார வச்சாங்க. சுவர், தூண், மேஜை எல்லாம் பெயின்ட் பண்ணி, தட்டுல தேங்காயும் வெல்லமும் சேத்த இனிப்பு, சூரை மீன் வச்ச வடை மாதிரி ஒண்ணு, டீ. பரிமாறினவங்க எல்லாரும் அந்த ஊர்ப் பெண்கள், நீளமான அங்கி, தலைல துணி. ஒரு அக்கா அத்தை காலைப் பாத்துட்டு கேக்காமலே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு கால் நீட்ட வச்சாங்க. காசு கொடுக்கப் போனா கையைப் பின்னால கட்டிக்கிட்டாங்க.

இங்க ஆம்பளைங்கள்ல நெறைய பேரு உலகம் பூரா சரக்குக் கப்பல்ல வேலை பாக்கறவங்க. எங்க ஜீப் ஓட்டினவர் முன்னாடி கப்பல்ல எஞ்சின் ரூம்ல இருந்தவரு, தூத்துக்குடி தெரியும், சென்னை துறைமுகம் தெரியும்னாரு, நல்லாவே தமிழ் பேசினாரு.

கலங்கரை விளக்கம் 1885ல வெள்ளைக்காரங்க கட்டினது. வெள்ளையா நெட்டுக்குத்தா நிக்குது. நானும் பையனும் ஏறினோம், உள்ள சுத்துப்படி, மூச்சு வாங்குது, மேல போனா காத்து தள்ளுது. ஒரு பக்கம் முழு லகூனும் தெரியுது, இளம்பச்சை, நீலம், அதுக்கு வெளிய கருநீலம், கோடு போட்ட மாதிரி நிறம் மாறுது. வெளிய எங்க கப்பல் நிக்குது. பையன் பத்து நிமிசம் பேசாம பாத்துட்டே இருந்தான், ஃபோனை வெளிய எடுக்கவே இல்ல.

சூரை மீன் இங்க புடிக்கற விதத்தை ஜீப்காரர் சொன்னாரு. வலை கிடையாது. லகூன்ல குட்டி மீனைப் புடிச்சு உயிரோட படகுத் தண்ணித் தொட்டில வச்சுக்குவாங்க, நடுக்கடல்ல சூரைக் கூட்டம் தெரிஞ்சதும் குட்டி மீனை வீசிட்டு தண்ணியைத் தூவுவாங்க, மேல தண்ணி சலசலன்னு இருக்கறதைப் பாத்து சூரை வெறி புடிச்சு மேல வரும், படகுல வரிசையா நின்னு தூண்டிக் கம்பால ஒவ்வொண்ணா தூக்கிப் பின்னால போடுவாங்க. தேவையில்லாத மீன் சாகாது, ஆமை மாட்டாது. இப்படிப் புடிச்சதை வேக வச்சு, புகை போட்டு, வெயில்ல காய வச்சா அது தான் மாசி. நம்ம ஊர்ல தூத்துக்குடி, காயல்பட்டினம் பக்கம் மாசி இல்லாம சம்பலே இல்லன்னு சொல்வாங்களே அதே மாசி தான். அரை கிலோ நானூத்தி ஐம்பது ரூபா. கருங்கட்டை மாதிரி இருக்கு, தட்டினா டொக்குன்னு சத்தம் வருது. அவருக்கு அன்னிக்கு மீன் வாசனையே ஆகல, அதனால நாலு பாலிதீன் கவர்ல சுத்தி வச்சேன்.

வெயில் மட்டும் தாங்க முடியல. வெள்ளை மண்ல பட்டுத் திரும்பி அடிக்குது, குடை புடிச்சும் தாடை கீழ் எல்லாம் கறுத்துப் போச்சு.

பிப்ரவரி 12, கவரத்தி

தலைநகரம். 1964ல தான் ஆபீஸ் எல்லாம் இங்க வந்துச்சு, அதுக்கு முன்னாடி கோழிக்கோட்ல இருந்து நிர்வாகம் பண்ணினாங்க. கல்பேனி, மினிக்காய் பாத்துட்டு வந்தா இங்க பைக்கும் ஆட்டோவும் பேங்கும் பாத்து ஒரு மாதிரி டவுனுக்கு வந்த ஃபீல். கடல் இன்னிக்கு எண்ணெய் ஊத்தி வச்ச மாதிரி, அத்தை "இப்போ"ன்னு அவங்களே சொல்லிட்டு படகுல கால் வச்சாங்க.

உஜ்ரா பள்ளிவாசல் போனோம். மரத்துல செதுக்கின மேற்கூரை, கடல்ல ஒதுங்கின மரத்துல செஞ்சதுன்னு சொல்றாங்க, பூவும் கொடியுமா. வெளில நின்னு தான் பாத்தோம், காவலுக்கு இருந்த தாத்தா எங்க பக்கம் ஜன்னல் கதவைத் திறந்து விட்டு நல்லா பாருங்கன்னாரு.

எனக்கு இந்தத் தீவுல மறக்க முடியாதது குடிதண்ணி. நல்லா கேளுங்க. இந்த மாதிரி பவளத் தீவுல ஆறு கிடையாது, ஏரி கிடையாது. மழைத் தண்ணி மண்ணுக்குள்ள எறங்கி, உப்புத் தண்ணிக்கு மேல ஒரு மெல்லிசான படலமா மெதக்கும், கிணத்துல கிடைக்கறது அது தான். ஜாஸ்தியா எறைச்சா கீழ இருக்கற உப்பு மேல வந்துடும். ஜனம் பெருகப் பெருக இது போதாது. இதுக்கு வழி பண்ணினது நம்ம சென்னை பள்ளிக்கரணைல இருக்கற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், என்ஐஓடி. 2005ல இங்க ஒரு ஆலை வச்சாங்க, ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். கடல் மேல் தண்ணி 28 டிகிரி சூடு, 350 மீட்டர் ஆழத்துல 12, 13 டிகிரி தான். தீவைத் தாண்டின உடனே கடல் செங்குத்தா எறங்கறதால அந்தக் குளிர்ந்த தண்ணியை கரைக்குப் பக்கத்துலயே குழாய் விட்டு எடுக்க முடியுது. மேல் தண்ணியை காத்தை உறிஞ்சி எடுத்த தொட்டிக்குள்ள விட்டா அந்தச் சூட்டுலயே ஆவியாகும், அந்த ஆவியை ஆழத்துக் குளிர்ல குளிர வச்சா நல்ல தண்ணி. காய்ச்ச நெருப்பு வேண்டாம். உலகத்துலயே இந்த முறைல மொதல்ல ஓடினதுல இது ஒண்ணு, அப்புறம் மினிக்காய், அகத்திலயும் வச்சாங்க.

குழாய்ல புடிச்சுக் குடிச்சோம், மழைத் தண்ணி மாதிரி ருசி. பக்கத்துல குடம் வச்சுட்டு நின்ன ஒரு அக்கா நாங்க தமிழ்னு தெரிஞ்சதும் "சென்னைக்காரங்க பண்ணினது"ன்னு சொல்லி சிரிச்சாங்க. முன்னாடி கிணத்துத் தண்ணி குடிச்சு பசங்களுக்கு வயித்துக் கோளாறு வரும், இப்போ கம்மின்னாங்க. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு, சோழிங்கநல்லூர் போறப்போ எத்தனை தடவை அந்தக் கேட்டைத் தாண்டிப் போயிருப்போம்.

மத்தியானம் பிரியாணி, சூரை பொரிச்சது, தயிர். கண்ணாடி அடி போட்ட படகுல போனோம், ஆமை ஒண்ணு எங்களுக்குக் கீழயே கொஞ்ச தூரம் கூட வந்துச்சு. அக்வேரியமும் பாத்தோம், அத்தைக்கு அது போதும்னு அங்கயே நிழல்ல உக்காந்துட்டாங்க. பையன் ஒரு சங்கு பொறுக்கினதை வழிகாட்டி தம்பி கீழ போட வச்சாரு. பவளம் எடுத்துட்டு வர்றது சட்டப்படி குத்தம், வெறும் கிளிஞ்சலா தெரியறதும் நண்டுக்கு வீடுன்னு அவன் கிட்ட உக்காந்து பொறுமையா சொன்னாரு, பையன் தலையாட்டிட்டு இருந்த எடத்துலயே வச்சுட்டு வந்தான்.

பிப்ரவரி 13, கொச்சி, ராத்திரி கோயம்புத்தூர்

கரைல எறங்கியும் தரை ஆடுது. ஹோட்டல்ல உக்காந்து இட்லி சாப்பிடறப்போ மேஜை சாயற மாதிரியே இருந்துச்சு. பாலக்காடு வர்ற வரைக்கும் வண்டில எல்லாரும் தூங்கிட்டோம்.

வாளையார் தாண்டறப்போ நாத்தனார் ஃபோன். அவங்க மாமனாரைக் கூட்டிட்டுப் போகணும், ஒரு பக்கம் பக்கவாதம் வந்தவரு, எந்தக் கப்பல்னு கேட்டாங்க. நான் யோசிக்காம சொன்னேன், அவரை வச்சுட்டு சின்ன கப்பல் வேண்டாம், கைப்புடி இல்லாம நிக்க முடியாதவங்களுக்கு அந்தக் கதவுல இருந்து படகுக்கு மாறறது ஆபத்து, அவருக்குப் பெரிய கப்பல் தான் சரி, லிஃப்ட் இருக்கு, ஆட்டம் கம்மி, தீவுல எறங்கலன்னாலும் டெக்ல உக்காந்து கடலைப் பாக்கலாம். ஆனா உங்க பசங்க ரெண்டு பேரையும் எங்க கூட அனுப்புங்க அடுத்த சீசன், அவங்க கவரத்தி கப்பல்ல வரட்டும், மினிக்காய்ல கலங்கரை விளக்கத்துல ஏறட்டும்னேன். யோசிச்சு சொல்றேன்னாங்க.

போறவங்களுக்கு: மே நடுவுல இருந்து செப்டம்பர் நடுவு வரைக்கும் மழை, அப்போ டூரிஸ்ட் பேக்கேஜ் இருக்காது, பிப்ரவரி மார்ச்ல கடல் கொஞ்சம் அமைதி. வாந்தி மாத்திரையை கப்பல் ஆட ஆரம்பிச்சதுக்கப்புறம் போட்டா பிரயோஜனம் இல்ல, அரை மணி முன்னாடியே போட்டுடணும். பின்னாடி வார் வச்ச செருப்பு. கையில சில்லறைப் பணம், கடைங்கள்ல எல்லா எடத்துலயும் ஜிபே ஓடல. குடியிருக்கற தீவு எதுலயும் மது கிடையாது, அதை பையில வச்சு மாட்டிக்காதீங்க. அப்புறம் ஒரு கிலோ எலுமிச்சம்பழம் வாங்கிட்டுப் போங்க, கொச்சி மார்க்கெட்ல எண்பது ரூபா, உங்களுக்கு வேண்டாம்னாலும் டெக்ல பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்கு ஆகும்.